டாக்டருக்கு ஏணி இருக்கு; வீடு தேடி வரும் பெண்ணுக்கு?

வாலாஜாபாத் பக்கம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவர் பிபி பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். பிபி, சுகர் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் இவர்கள் வேலை. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஏன் உள்ளூர்ப் பெண்கள்? வெளியூரிலிருந்து வருபவர் டிரான்ஸ்ஃபருக்குக் காத்திருப்பார்; இவர்களுக்கோ இதுதான் சொந்த ஊர். கிராமப் பின்னணி உள்ளவர்களைச் சேர்த்துப் படிக்கவைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே பரிந்துரைத்தது.

சிக்கல் எங்கே? அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குத் தமிழகத்தில் மேற்படிப்பில் 50% உள் ஒதுக்கீடு உண்டு. மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கிராமத்தில் வேலை பார்த்தால் முன்னேறலாம் என்பதுதான் அதன் கணக்கு.

அந்தக் கணக்கு தன்னார்வலருக்கு மட்டும் பொருந்தாதா? அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. சில ஆண்டுகள் வேலை பார்த்த, தகுதியுள்ள பெண்களுக்கு அரசு நர்சிங் படிப்பில் தனி ஒதுக்கீடு கொடுக்கலாம். படித்து முடித்தவரை அதே வட்டாரத்தில் பணியமர்த்தலாம். ‘தன்னார்வலர்’ என்ற பெயரைச் சொல்லியே எத்தனை வருஷம் ஓட்டுவது?