செங்கோட்டையிலிருந்து போன சங்கேதிகள்

கர்நாடகத்தின் சங்கேதி பிராமணர்களிடம் பூர்வீக ஊரைக் கேட்டால் செங்கோட்டையைக் காட்டுவார்கள். அங்கே நாச்சாரம்மா என்ற கல்விமிக்க பெண்மணியை ஊரார் அவமதித்தார்களாம். அவர் கோபித்துக்கொண்டு கிளம்ப, பல குடும்பங்கள் பின்தொடர்ந்தனவாம். கதையில் எவ்வளவு சரித்திரம் என்பது வேறு விஷயம். ஒரு பெண்ணின் ரோஷத்தைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்ளும் சமூகங்கள் நம்மிடையே அதிகமில்லை.

ஹாசன் பக்கம் கௌசிகம், மைசூர் பக்கம் பெட்டதபுரம் என்று பிரிந்து குடியேறியவர்கள் வேதத்தோடு பாக்குத் தோப்பையும் வளர்த்தார்கள். சங்கீதம் தனிச் சொத்து. காவிரிக்கரை ருத்ரபட்டணம் என்ற சிற்றூர்தான் பாடகர் ஆர்.கே. ஸ்ரீகண்டனைக் கொடுத்தது, அதே ஊரில் இன்னொரு பாடகர் ஆர்.கே. பத்மநாபா தம்பூரா வடிவில் கோயிலே எழுப்பியிருக்கிறார்.

ஆனால் சங்கேதிகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்குத் தெரிந்ததெல்லாம் சிவமொக்கா அருகே துங்கைக் கரையிலுள்ள மத்தூர், அதன் சமஸ்கிருதப் பேச்சு. அந்தப் பேச்சு 1980களின் தொடக்கத்தில் நடந்த ஓர் இயக்கத்தால் பரவியது.

அங்குள்ள சங்கேதிகளின் வீட்டு மொழியோ தமிழ் அடித்தளத்தில் கன்னடமும் மலையாளமும் கலந்த சங்கேதி. அதற்கென்று தனி எழுத்து கிடையாது. எழுதினால் கன்னட லிபிதான். பேச்சில் மட்டுமே பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்த மொழி, பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனபின் என்ன ஆகும்?

அடுத்த முறை மத்தூருக்குப் போகும் செய்தியாளர்கள், சமஸ்கிருத வணக்கத்தைப் படம்பிடித்த கையோடு திரும்பிவிடாமல், அங்கே பாட்டிமார் பேசும் சங்கேதியையும் பதிவு செய்துகொண்டு வரட்டும்.