பரணில் இருக்கும் துப்பாக்கி இறங்கட்டும்

மலையோர ஊர்மக்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, தேன்கனிக்கோட்டை என்று காட்டை ஒட்டிய ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி அதிசயப் பொருள் அல்ல. தாத்தா வாங்கியது, அப்பா காவலுக்கு எடுத்துப் போனது, இப்போது யார் பெயரிலும் இல்லாமல் சாக்கில் சுற்றிப் பரணில் கிடப்பது என்று பல வீடுகளில் ஒன்று இருக்கும். உரிமம் இல்லாத இந்தத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்று இந்த ஊர்களின் விவசாயிகள், ஆசிரியர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் சேர்ந்த ஒரு குழு ஊர்மக்களைக் கேட்டுக்கொள்கிறது.

துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகள் என்று இக்குழு சொல்லவில்லை. குழுவில் இருப்பவர்களே காட்டுப்பன்றிக்கு நிலக்கடலையையும் மரவள்ளியையும் பறிகொடுத்தவர்கள்தான். ஒரே ராத்திரியில் கால் ஏக்கரை உழுதுபோட்டுப் போகும் கூட்டத்தை எதிர்த்துத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவனுக்கு, வெடிச் சத்தம் ஒன்று கையில் இருந்தால் தெம்புதான். ஆனால் அந்தத் தெம்புக்கு ஊர் கொடுத்துவரும் விலை அதிகம்.

துப்பாக்கியின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் புரியும். குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியையோ தேங்காய் நாரையோ திணித்து, இரும்புக் கம்பியால் இடித்து, மேலே ஈயக்குண்டோ பால்ரஸோ போட்டு மறுபடியும் இடிக்க வேண்டும். இப்படிக் கெட்டித்ததை வெளியே எடுப்பது லேசான வேலை இல்லை. சுட்டுத் தீர்ப்பதுதான் சுலபம். அதனால் பன்றி வராத இரவுகளில் மருந்து கெட்டித்தபடியே துப்பாக்கி வீடு திரும்புகிறது. மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்’பை மட்டும் கழற்றிவிட்டு, ‘இனி ஒன்றும் ஆகாது’ என்று மேலே போட்டுவிடுகிறார்கள். உள்ளே மருந்து அப்படியேதான் இருக்கிறது. கீழே அடுப்பு எரிகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பரணைக் குடைகிறார்கள்.

பட்டறையில் செய்த துப்பாக்கிகளின் கதை இன்னும் மோசம். குழல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று எவரும் சோதித்திருப்பதில்லை. ஒரு பிடி மருந்து கூடிப்போனால் குழலே வெடித்து, சுட்டவரின் விரலையும் கண்ணையும் கொண்டுபோகும்.

நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து புதரைக் கலைப்பது வழக்கம். இலை அசைந்ததும் குதிரையை இழுத்துவிடுகிறார்கள். பன்றி என்று நினைத்துச் சுட்டதில் உடன் சென்றவர் பலி என்ற செய்தி தமிழ் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. செத்தவரும் சுட்டவரும் பெரும்பாலும் ஒரே ஊர், சில சமயம் மாமன் மச்சான். ஒரு வீட்டில் சாவு, இன்னொரு வீட்டில் சிறை. வரப்புத் தகராறிலும் குடிபோதைச் சண்டையிலும் கைக்கு எட்டும் தூரத்தில் இதே துப்பாக்கி இருப்பது அடுத்த ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் குழு ஊர் ஊராக எடுத்துச் சொல்லிவருகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. 2019இல் வந்த திருத்தம் இதற்கான தண்டனையை 2 முதல் 5 ஆண்டுச் சிறை என்று உயர்த்தியது. செய்து விற்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒருவர் உரிமத்தோடு 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததையும் அதே திருத்தம் 2 ஆகக் குறைத்தது. பயிர்க் காவலுக்கு உண்மையாகவே துப்பாக்கி தேவைப்படுபவர் வாய்வழி மருந்து கெட்டிக்கும் வகைக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்டவுடன் கிடைக்காது, அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் வழி அதுதான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் காவல்துறை அவ்வப்போது ஒரு கெடு வைத்து, அதற்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவித்து வந்திருக்கிறது. நேரில் வரத் தயங்கியவர்கள் ஊர்ப் பொது இடத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டால் ஆயுதம் வெளியே வரும் என்பதற்கு வெளிநாட்டிலும் சாட்சி உண்டு. 2023 மே மாதம் செர்பியாவில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் நடந்த துப்பாக்கிச்சூடுகளுக்குப் பிறகு, ஒப்படைப்பவர் மீது நடவடிக்கை இல்லை என்று அரசு அறிவித்தது. சில நாட்களிலேயே சுமார் 13,500 ஆயுதங்கள் வந்து குவிந்தன. வீடுகளிலிருந்து வந்தவற்றில் டாங்கிகளைத் தகர்க்கும் ராக்கெட் ஏவுகருவிகளும் இருந்தன! ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், ஜான் ஹோவர்டு அரசு விதிகளைக் கடுமையாக்கியதோடு, காசு கொடுத்துச் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. நம் நாட்டிலேயே மணிப்பூரில் 2025 பிப்ரவரியில் ஆளுநர் அஜய் குமார் பல்லா கெடு வைத்துக் கேட்டுக்கொண்டபோது சுமார் ஆயிரம் ஆயுதங்கள் திரும்பி வந்தன.

ஊர்மக்களைக் கேட்பதோடு குழு நிற்கவில்லை, அரசிடமும் கேட்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட முடிவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. மலையோர நிலங்களோ காட்டின் வேலியிலேயே தொடங்குகின்றன. அதிகம் அடிவாங்கும் வயலுக்குத்தான் இந்த முடிவில் ஆறுதல் குறைவு. ஆகவே பயிர்ச் சேத இழப்பீடு அறுவடைக்கு முன்பே கைக்கு வர வேண்டும், ஒப்படைப்புக் கெடுவை ஆண்டுதோறும் ஒரு முறையாவது அறிவிக்க வேண்டும், ஒப்படைத்தவரின் பெயர் எந்தச் சந்தேகப் பட்டியலிலும் ஏறக்கூடாது என்று ஆட்சியருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் குழு மனு கொடுக்கிறது.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, வெடிமருந்து வைத்த இரையான அவுட்டுக்காய்க்கோ திருட்டு மின்வேலிக்கோ மாறிவிடக் கூடாது என்பதையும் குழு அழுத்திச் சொல்கிறது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்து மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதனையும் அந்தக் கம்பி விடாது.

இனி செய்ய வேண்டியது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், கெடு அறிவிக்கக் கோரியும் ஊரே சேர்ந்து ஒப்படைப்பதாகவும் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். கெடு வந்ததும் தனித்தனியாகப் போகத் தயங்குபவர்களுடன் ஊர்ப் பெரியவர்களும் குழுவினரும் காவல் நிலையம் வரை வருவார்கள். துப்பாக்கி செய்து விற்கும் பட்டறை தெரிந்தால் அந்தத் தகவலை மறைக்க வேண்டாம். முறையான உரிமம் வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாமல், மருந்தை ஓரிடத்திலும் துப்பாக்கியை வேறிடத்திலும் பூட்டி வைக்க வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துப்பாக்கியில் மருந்து கெட்டித்திருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், கெட்டித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குத்திப் பார்ப்பதும், வெயிலில் காயவைப்பதும், ‘கடைசியாக ஒரு தடவை’ என்று சுட்டுப் பார்ப்பதும் கூடாது. பைக்கில் தூக்கிப் போகவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுக் குழுவினரிடம் சொன்னால் போதும். போலீசாரை வரவழைத்து எடுத்துப் போகச் செய்வதைக் குழு பார்த்துக்கொள்ளும்.