பற்றவில்லை என்கிறது அடுப்பு

நாக்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் இத்தாலியில், டூரின் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்து படிக்கிறார். ஜனவரி இரவுகளில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். வீட்டைச் சூடாக்க இருப்பது ஒரு பெல்லட் அடுப்பு. பட்டனை அழுத்தினால் ஃபேன் ஓடுகிறது, ஏதோ உதிரும் சத்தம் கேட்கிறது, கால் மணி நேரம் கழித்து ‘நோ அக்’ என்று எழுத்து வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. “கீழ் வீட்டுக்காரர், ஒரு சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினால் நிற்காது என்கிறாராம். இவனும் சரி என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படலாமா?”

தாராளமாகப் பயப்படலாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அடுப்பைப் பற்றிக் கொஞ்சம்.

மரத்தூளை இயந்திரத்தில் இறுக்கி, சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு குச்சிகளாக்கினால் அதுதான் பெல்லட். பசை எதுவும் தேவையில்லை. அழுத்தத்தின் சூட்டில் மரத்தில் உள்ள லிக்னினே இளகி ஒட்டிக்கொள்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் மாற்று எரிபொருள் தேடியதில் பிறந்தது இது. போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980களின் முற்பகுதியில் இதற்கென்று ஒரு வீட்டுக் கணப்பு அடுப்பை உருவாக்கினார். அமெரிக்காவில் பிறந்தாலும் அடுப்பு செழித்தது இத்தாலியில்தான். ஐரோப்பாவிலேயே பெல்லட் கணப்புகளுக்குப் பெரிய சந்தை அதுதான். 2022ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய மரத்துக்குத் தடை வந்து, 15 கிலோ மூட்டையின் விலை எகிறியபோது அங்கே அது நம்மூர் வெங்காயப் பிரச்சினை மாதிரி ஆனது.

நமக்கும் பெல்லட் புதிதல்ல. 2006ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில் ‘ஊர்ஜா’ என்ற சமையல் அடுப்பு வந்து லட்சக்கணக்கில் விற்றது. அதிலும் ஒரு சின்ன ஃபேன் உண்டு. ஆனால் பற்றவைப்பது சமைப்பவரின் கை. நெருப்பு பிடித்ததா என்று பார்ப்பது அவருடைய கண். காஷ்மீரத்து புகாரியிலும் அப்படியே.

டூரின் அடுப்பில் ஆள் கிடையாது. மேலே ஒரு தொட்டி. அதன் அடியில் ஒரு திருகு சுழன்று பெல்லட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, அவை ஓட்டைகள் போட்ட ஓர் இரும்புக் கிண்ணத்தில் விழுகின்றன. கிண்ணத்துக்குப் பின்னால் ஹீட்டர் கம்பி போல ஒரு இக்னைட்டர் பழுக்கக் காய்கிறது. புகையை வெளியே இழுக்கும் ஃபேன் ஒன்று, அதே இழுப்பில் கிண்ணத்தின் ஓட்டைகள் வழியே காற்றையும் உள்ளே வரவழைக்கிறது. இவ்வளவும் நடந்த பிறகு அடுப்புக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம், தீ பிடித்ததா இல்லையா. அதற்குக் கண் இல்லாததால், புகை போகும் பாதையில் ஒரு வெப்ப உணர்கருவி வைத்திருக்கிறார்கள். சுமார் 15, 20 நிமிடத்துக்குள் புகை 45, 50 டிகிரி சூட்டை எட்டாவிட்டால் ‘பற்றவில்லை’ என்று தீர்மானித்து அடுப்பு தன்னை நிறுத்திக்கொள்கிறது. மாடலுக்கு மாடல் எண்கள் மாறும். ‘அக்’ என்பது அச்சென்சியோனே, அதாவது பற்றவைப்பு என்ற இத்தாலியச் சொல்லின் தலை. (வாசகி கையேட்டின் சில பக்கங்களையும் அனுப்பியிருந்தார். இத்தாலியனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியவர் அடுப்பைப் பார்த்ததே இல்லை என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.)

இப்போது கீழ் வீட்டுக்காரரின் வைத்தியம். அவர் சொல்வது அநேகமாகக் காற்றழுத்த சுவிட்ச். புகைபோக்கியில் இழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. இழுப்பு இல்லையென்றால் பெல்லட் விழுவதை அது நிறுத்தும். அதற்கென்று வேறு எச்சரிக்கை எழுத்து வரும். ‘நோ அக்’ என்பது சூடு வரவில்லை என்ற புகார். ஆகவே வயரை முறுக்கினால் இந்த நோய் தீராது. காவல்காரனை அனுப்பிவிட்ட கதையாகத்தான் முடியும். அப்புறம் புகைபோக்கி அடைத்துக்கொண்டாலும் பெல்லட் விழும், எரியும், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். அதற்கு நிறமோ வாசனையோ இல்லை. டெல்லியிலும் சுற்றுப்புற மாநிலங்களிலும் மூடிய அறையில் அங்கீட்டியை வைத்துக்கொண்டு தூங்கி எழுந்திருக்காதவர்களைப் பற்றி குளிர்காலம் தவறாமல் செய்தி வருகிறது. அதே வாயுதான். இத்தாலியக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பதால் அதன் குணம் மாறிவிடாது.

சரி, அடுப்பு ஏன் நிற்கிறது? பையன் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு அடுப்பின் எதிரே உட்கார வேண்டும். எந்த நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

பெல்லட்டே விழவில்லையா? கடைசியாகத் தொட்டி காலியாகும் வரை எரியவிட்டிருந்தால் திருகும் காலியாகத்தான் இருக்கும். அது நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் நேரம் முடிந்துவிடும். இது பழுதே அல்ல. தொட்டியின் அடியில் தூள் சேர்ந்து வழியை அடைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

பெல்லட் விழுந்து குவிகிறது, புகைகூட இல்லை என்றால் இக்னைட்டர் போயிருக்கலாம். அது தேயும் பொருள், மாற்றியே ஆக வேண்டியது. ஆனால் புதிது வாங்குவதற்கு முன் கிண்ணத்தைப் பாருங்கள். சுத்தம் செய்துவிட்டு அதைத் திரும்ப வைக்கும்போது ஒரு நூலளவு தூக்கி நின்றால் போதும், இக்னைட்டரின் சூடு கிண்ணத்தின் துளைக்கு நேரே வராது. பாகம் பாகமாக மாற்றிவிட்டு, கடைசியில் கிண்ணத்தை அழுத்தி உட்கார வைத்ததும் எரிகிற அடுப்புகள் உண்டு.

நிறையப் புகை, தீ மட்டும் தாமதம் என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். இதுதான் அதிகம் நடப்பது. பெல்லட் எரிந்து மிஞ்சும் சாம்பல் உருகி, கொல்லன் உலையில் போலக் கிட்டம் கட்டி கிண்ணத்தின் ஓட்டைகளை மூடிவிடும். கிட்டத்தை உடைத்தெடுத்து, ஒவ்வொரு ஓட்டையையும் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள நாரிழைக் கயிறு நைந்திருந்தால் காற்று கிண்ணத்துக்குள் போகாமல் கதவோரமாகவே புகுந்துவிடும். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கயிறு மாற்ற வேண்டியதுதான். ஈரப் பெல்லட்டும் இதே வேலையைச் செய்யும். ஐரோப்பாவில் முதல் தரப் பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மூட்டையைப் பால்கனியில் வைத்தால் எந்தத் தரமும் நிற்காது.

கடைசி வகை வேடிக்கையானது. தீ நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும், 18வது நிமிஷத்தில் அடுப்பு ‘பற்றவில்லை’ என்று அணைத்துவிடும். நம் கண் எதிரே எரிந்த தீயை அது நம்ப மறுக்கிறது. உணர்கருவி சாம்பல் போர்த்திக்கொண்டு கிடக்கும், அல்லது இருந்த இடத்தை விட்டு விலகியிருக்கும். துடைத்துச் சரியாகப் பொருத்தினால் பெரும்பாலும் தீர்ந்தது. தீராவிட்டால் உணர்கருவியை மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடுப்பு ஆறிய பிறகு செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறு. ஒரு தடவை பற்றாமல் நின்றதும் உடனே மறுபடி பட்டனை அழுத்துகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் இன்னொரு குவியல் சேரும். அது கனன்று வெண்புகையாக அடுப்பை நிறைக்கும். அந்தப் புகை எரியக்கூடிய வாயு. திடீரென்று பற்றினால் குப்பென்று வெடிக்கும், கதவுக் கண்ணாடி தெறிக்கலாம். ஆகவே முதலில் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும். எடுத்த பெல்லட்டைத் திரும்பத் தொட்டியில் போடக்கூடாது. அதில் ஒரு பொறி இருந்தால் மொத்தத் தொட்டிக்கும் ஆபத்து. மூடியுள்ள தகர வாளியில் போட்டு வெளியே வைக்கட்டும். ஆறியது போலத் தெரியும் சாம்பலில் மறுநாள்கூடக் கங்கு இருக்கும் என்பதால் சாதாரண வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவும் வேண்டாம். அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். போனில் ‘அடுப்பு அணைகிறது’ என்று சொன்னால் அவர் வந்து புதிதாக ஆரம்பிப்பார். பெல்லட் எப்போது விழுந்தது, புகை எப்போது வந்தது, தீ வந்ததா, எத்தனையாவது நிமிஷம் நின்றது என்று வரிசையாகச் சொன்னால், என்ன பாகம் வேண்டுமோ அதைக் கையோடு கொண்டுவருவார். இத்தாலியனில் இதற்கு இலக்கணம் வேண்டாம். ஃபூமோ என்றால் புகை. ஃபியாம்மா என்றால் தீச்சுடர். கூடவே ஒன்றிலிருந்து இருபது வரை எண்கள்.