கட்டுப் போட்டால் போதுமா?

நம் மக்களில் காலை இழந்தவர்கள் எத்தனை பேர்! விபத்தில் இழந்தவர்களைச் சொல்லவில்லை. செருப்புக் கடித்த கொப்புளம், ஆணி குத்திய துளை, நகம் வெட்டும்போது பட்ட கீறல் — இவற்றால் முதலில் விரலையும் பிறகு பாதத்தையும் இழந்து ஊருக்கு ரயில் ஏறியவர்களைச் சொல்கிறேன்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறியது. பணக்காரர் வியாதி என்ற பேச்சு பழங்கதை. தாராவியில் தோல் தைப்பவருக்கும், விடியுமுன் இட்லிக் கூடை தூக்குபவருக்கும் அது உண்டு. சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் பாதம் மரத்துப் போகும். வலி இல்லை, ஆகவே வேலைக்குப் போகிறார். போகப் போகப் புண் எலும்பைத் தொடுகிறது.

இது புதிய பாடமல்ல. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரலும் பாதமும் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற இடத்தில் படும் காயமே அழிக்கிறது என்று எடுத்துக் காட்டினார். பாதத்தில் பாரம் விழாமல் தடுத்தால் புண் ஆறும். சர்க்கரைப் புண்ணுக்கும் அதே நியாயம்தான்.

ஆனால் டிரஸ்ஸிங் அறையில் நடப்பதென்ன? பல இடங்களில் இன்னும் ஸ்பிரிட்டையும் நுரைக்கும் பெராக்சைடையும் தினமும் புண்ணில் ஊற்றுகிறார்கள். காய்ந்து ஒட்டிய துணியை வெடுக்கென்று பிடுங்குகிறார்கள். முளைத்த புதுச் சதை அதோடு போய்விடுகிறது. உலர விட்ட புண்ணைவிட ஈரம் காத்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாக வளர்கிறது என்று ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் சோதித்து எழுதிய ஆண்டு 1962! அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த அறிவு ஏழையின் காலுக்கு வந்து சேரவில்லை.

இதற்கு நர்ஸைத் திட்டுவது சுலபம். அது நியாயமல்ல. பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவில் போய்ப் பாருங்கள். வார்டு முழுவதற்கும் ஒரே சிஸ்டர் ஓடிக்கொண்டிருப்பார். கட்டுப் போடும் வேலை வார்டு பாய் கையில். "காலில் உணர்ச்சி இருக்கிறதா?" என்று கேட்க யாருக்கு நேரம்? கேட்டாலும் மராத்தியிலோ இந்தியிலோ கேட்பார்கள். நம்மவர் தலையை ஆட்டிவிட்டு வருவார்.

இன்னொன்றும் உண்டு. "காலை ஊன்றாதே" என்று டாக்டர் சொல்கிறார். ஊன்றாமல் தினக்கூலிக்காரர் எப்படிப் பிழைப்பார்? வேலையில் பட்ட காயத்துக்கு ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. பட்டறை முதலாளி பெயரைப் பதிவு செய்தால்தானே அது கைக்கு வரும்? ஆகவே தோழர்களே, புண் ஆறுவது மருந்துப் பிரச்சினை மட்டுமல்ல, கூலிப் பிரச்சினை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. காலியான நர்ஸ் இடங்களை ஒப்பந்தக்காரர் மூலமாக அல்லாமல் நிரந்தரமாக நிரப்பு. டிரஸ்ஸிங் செய்பவர் எல்லோருக்கும் புதிய முறையில் பயிற்சி கொடு. பட்டறைத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் ஈ.எஸ்.ஐ.யில் சேர்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர் தினமும் இரவு பாதத்தைப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டார் பார்க்க வேண்டும். புண்ணில் காப்பித்தூளும் பற்பசையும் அப்பாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் மொழி தெரிந்த இரண்டு இளைஞர்கள் முறை வைத்து மருத்துவமனைக்குத் துணை போகட்டும்.

கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஆள் சேர்க்கிறோம். நடந்து வர அவர்களுக்குக் கால் இருக்க வேண்டாமா?