ஒரே கம்பியில் எல்லா பேண்டும்... ஹாம் ரேடியோ ஆன்டெனா கணக்கு தெரியுமா?

பார்ப்பதற்கு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி மாதிரிதான் இருக்கும். ஆனால், அந்தக் கம்பியை வைத்தே கண்டம் விட்டுக் கண்டம் பேசிவிடுவார்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியால் அந்தமானில் தொலைபேசிகள் ஊமையானபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோ மூலம் தகவல்களை வெளியே சொன்னார்கள். அப்படியொரு நாளில், பேட்டரி தரும் ஒவ்வொரு வாட்டும் காற்றில் ஏற வேண்டும். வழியிலேயே வீணாகக் கூடாது.

ஹாம் ரேடியோவுக்கு ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் அலைவரிசைத் தொகுப்புக்கும் 'பேண்ட்' என்று பெயர். பேண்ட் மாறினால் கம்பியின் நீளமும் மாறும். 40 மீட்டர் பேண்டுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். 80 மீட்டர் பேண்டுக்குச் சுமார் 40 மீட்டர். பேண்டுக்கு ஒன்றாகக் கட்ட எத்தனை வீடுகளில் இடம் இருக்கிறது?

1946-ல் இதற்கு ஒரு வழி செய்தார் இங்கிலாந்தின் லூயிஸ் வார்னி. 102 அடிக் கம்பி, அதன் நடுவிலிருந்து இறங்கும் இரட்டைக் கம்பி, அதற்குக் கீழே கேபிள். அவருடைய அழைப்புக்குறியான 'ஜி5ஆர்வி'யே ஆன்டெனாவின் பெயராகவும் நிலைத்துவிட்டது. 20 மீட்டர் பேண்டை மனதில் வைத்துச் செய்த கம்பி இது. மற்ற பேண்டுகளில் 'ட்யூனர்' பெட்டியின் உதவியோடு ஓட்டலாம்.

சிக்கல் இங்கேதான். கம்பி பொருந்தாத பேண்டில், அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும். கேபிளுக்குள் அது போய்ப் போய் வர, ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் சூடாகிக் கரையும். ட்யூனர் ரேடியோவைக் காப்பாற்றும். கேபிளில் கரைந்ததை மீட்டுத் தராது.

மீட்டர் 1:1 என்று காட்டினால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. சோதனைக்குப் பயன்படும் 'டம்மி லோடு'ம் 1:1 தான் காட்டும். ஆனால், அது சக்தி முழுவதையும் சூடாக்கிவிடும். காற்றில் எதுவும் ஏறாது! மின்தடை வைத்த சில 'எல்லா பேண்ட்' ஆன்டெனாக்களில் மீட்டர் அழகாக இருப்பதற்கும் ஓரளவு இதுதான் காரணம்.

பிறகு தென்னாப்பிரிக்காவில் பிரையன் ஆஸ்டின், கம்ப்யூட்டர் உதவியோடு வார்னியின் நீளங்களைத் திருத்தினார். 'இசட்எஸ்6பிகேடபிள்யூ' என்ற அந்த வடிவத்தில் பல பேண்டுகள் ட்யூனர் இல்லாமலே பொருந்தின. 30, 15 மீட்டர் போன்ற சில பேண்டுகள் ஒத்துவரவில்லை. ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்றைப் பெற முடியும்!

இழப்பு என்றதும் பயப்படவும் வேண்டாம். 100 வாட்டில் பாதி போனாலும், எதிர்முனையின் மீட்டரில் அரைப் படிதான் இறங்கும். சாதாரண அரட்டையில் அது தெரியவே தெரியாது. ஆனால், 5 வாட் ரேடியோவும் இரைச்சலில் மூழ்கும் குரலுமாக இருக்கும்போது, அந்தப் பாதிதான் பேச்சைக் காப்பாற்றும்.

எனவே, கம்பி கட்டும் முன் எந்த பேண்டில் அதிகம் பேசப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கேபிளைச் சுருக்குங்கள். இடமிருந்தால், இழப்பு மிகக் குறைவான, ஏணி வடிவ இரட்டைக் கம்பியையே ட்யூனர் வரை கொண்டுவாருங்கள். கொஞ்சம் மெனக்கெடத்தான் வேண்டும். அவசர நாளில் அதன் அருமை தெரியும்.