பதினான்கு நிலையங்கள் போதும்

கணினியில் வானொலி கேட்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு யோசனை. பிடித்த நிலையங்களை, பாட்டுக் கேட்கும் மென்பொருளில் இருக்கிற நட்சத்திரக் குறியை அழுத்திச் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் வேறு என்ன சொல்வான் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் எங்களுக்கு 'ரெப்பெர்த்துவார்' என்று ஒரு நோட்டு உண்டு. ஓரத்தைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து அச்சடித்திருப்பார்கள். புதிய சொல் கிடைத்தால் அதற்குரிய பக்கத்தில் எழுத வேண்டும். பிறகு வேலைக்கு வந்தபோது தன்பதிவேடு. எதை எங்கே வைத்தோம் என்பது நம் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்கிற புத்தி அப்படி வந்தது. ஆனால் ஓய்வு பெற்றபின் கணினி வாங்கியதும் அந்தப் புத்தியைப் பரணில் போட்டுவிட்டேன். அறுபது நிலையங்களுக்கு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மென்பொருள் இருந்தது, நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

பேரன் சொன்னான், "என்ன தாத்தா, தேடினா ஆயிரக்கணக்குல வருமே!" வரும்தான். நூலகத்திலும் ஆயிரக்கணக்கில் புத்தகம் இருக்கிறது. அதற்காகத் தலைமாட்டில் நாலு புத்தகம் வைத்துக்கொள்ளாமலா இருக்கிறோம்?

நான் இப்போது செய்வது இதுதான். விஎல்சி என்ற மென்பொருள், ஆரஞ்சு நிறக் கூம்பு படம் போட்டது, பாரிஸில் பொறியியல் மாணவர்கள் தொடங்கியது. (கொஞ்சம் பாசம் எனக்கு, ஒப்புக்கொள்கிறேன்.) அதில் கண்ட்ரோலும் என் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் முகவரி கேட்கும். நிலையத்தின் ஒலியோடை முகவரியை ஒட்டினால் பாடும். நாலைந்து சேர்ந்ததும் கண்ட்ரோல், ஒய் அழுத்திப் பட்டியலை எம்3யு கோப்பாகச் சேமிக்கலாம். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், ரகசியம் ஒன்றுமே இல்லை. ஒரு வரியில் நிலையத்தின் பெயர், அடுத்த வரியில் முகவரி, அவ்வளவுதான். பெயருக்கு முன்னால் பாட்டின் நீளத்தை விநாடியில் குறிக்க ஓர் இடம் உண்டு. வானொலிக்கு அங்கே மைனஸ் 1 என்று போட வேண்டும், முடிவில்லாதது என்பதால். பெயரை நமக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். சேமிக்கும்போது மட்டும் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் குப்பையாகத் தெரியும். பெயரோடு வேகத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. 128 கேபிபிஎஸ் ஓடை மணிக்குச் சுமார் 58 எம்பி தின்னும். மாதக் கடைசியில் டேட்டா இழுத்துப் பறிக்கும்போது இது உதவும்.

வரிசைதான் முக்கியம். அகரவரிசை வேண்டவே வேண்டாம். பாதி நிலையங்கள் 'ரேடியோ' என்று ஆரம்பிக்கும், எல்லாம் ஒரே எழுத்தில் குவிந்துவிடும். மொழிவாரியாகப் பிரிப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. நாம் மொழியைப் பார்த்தா கேட்கிறோம்? நேரத்தைப் பார்த்துக் கேட்கிறோம். ஆகவே காலை முதல் இரவு வரை நான் கேட்கிற வரிசையில் பதினான்கு வரிகள். பாரிஸ் காலைச் செய்தி நமக்குப் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வருகிறது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். நாலரை மணி வித்தியாசம் மூன்றரையாகும், மறுபடி நாலரையாகும். அன்று நானும் இரண்டு வரியை இடம் மாற்றுவேன்.

இதெல்லாம் ஒரு கிழவனின் பொழுதுபோக்கு என்று நானே நினைத்ததுண்டு, அண்ணன் விஷயம் நடக்கும் வரை. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து, அங்கே ராணுவத்தில் சேர்ந்தவர். இப்போது தூலோனில் தனியாக இருக்கிறார். நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் நிழல் மாதிரிதான் தெரியும். நாளெல்லாம் வானொலிதான். சென்ற வருடம் அவர் கணினியில் இருந்த மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. முகப்பு மாறிவிட்டது, பழகிய பொத்தான் பழகிய இடத்தில் இல்லை. பதினொரு நாள் வானொலி இல்லாமல் இருந்திருக்கிறார். "நிலையத்தையே மூடிட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றார். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே அவருக்கென்று ஒன்பது வரிக் கோப்பு எழுதினேன். முதலில் ஃபிப். 1971இல் பாரிஸ்காரர்களுக்காக ஆரம்பித்த நிலையம், பாட்டுக்கு நடுவே பெண் குரல் மெல்ல இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும். அப்புறம் பிரான்ஸ் அன்தேர் செய்தி, அப்புறம் மத்தியானத்துக்குத் தமிழ்ப் பாட்டு. அண்ணன் மகள் அதை விண்டோஸின் ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டாள். இப்போது கணினியைப் போட்டதும் முதல் வரி தானாகப் பாடும். என் விசையை அழுத்தினால் அடுத்த நிலையம். அந்த விசை மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, விரலுக்குத் தெரிய. பிரெஞ்சு விசைப்பலகையில் பல எழுத்துகள் இடம் மாறியிருக்கும். நல்லவேளை, என் மட்டும் நம்முடையதைப் போலவே பி-க்குப் பக்கத்தில் இருக்கிறது. திரையே பார்க்காதவருக்கு இந்த வரிசைதான் திரை.

போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "தம்பி, நாலாவதுல பாட்டு இல்ல, யாரோ ஒருத்தி சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கா." முகவரி மாறிவிட்டது என்கிற அறிவிப்பு அது. புதியதைத் தேடி ஒட்டினேன். பழைய வரியை அழிக்கவில்லை, முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டேன். மென்பொருள் அதைப் படிக்காது, எனக்குத் தெரியும். பதிவேட்டில் சிவப்பு மையால் அடிப்போமே, அது மாதிரி. கோப்பை மகளுக்கு அனுப்பியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். அதுவரை மூன்றாவது முடிந்ததும் இரண்டு தரம் அழுத்தச் சொல்லியிருக்கிறேன்.