இரண்டு தலைமுறைக் கடன்

கடாரம் கொண்டான் என்று சோழன் ஒருவனுக்குச் சூட்டிய பட்டத்தை நம்மவர் மேடைதோறும் சொல்லிப் பூரிக்கிறார்கள். அந்தக் கடாரமாகிய கெடாவில், மூன்று நான்கு தலைமுறையாய் ரப்பர் மரம் சீவிய பின்னும், தலை சாய்க்கச் சொந்தத்தில் ஓர் அடி நிலமில்லாதவர் நம்மில் எத்தனை பேர் என்பதை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. தோட்டம் கைமாறிய பொழுது வெளியேறியவர்கள் பீடோங்கிலும், பாடாங் செராயிலும், சுங்கை பட்டாணியிலும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஆகவே, சிறு மனை ஒன்று வாங்கி அதில் தாமே வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசையை நாம் குறை சொல்ல வரவில்லை. அதற்காக எவ்வளவு கடன்படுவது என்பதே நம் கேள்வி.

இக்கேள்விக்கு நம்மவர் வைத்திருக்கும் விடை ஒன்றே: "வங்கி எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவு." இதைவிட விபரீதமான விடை வேறில்லை என்போம். வங்கி நிர்ணயிப்பது தன் பணத்துக்கு மோசம் வராத அளவை. கடன் நின்றுபோனால் அதற்கு மனையும் வீடும் இருக்கின்றன, ஏலம் இருக்கிறது. நம் அடுப்பு எரியுமா என்பது அதன் கணக்கில் சேராது. சேர வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பதும் பேதைமை.

அரசாங்கத்தின் தயவையும் சற்றே பார்ப்போம். 2011-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளர் மலிவு வீடு பெறுவதற்கென்று 5 கோடி வெள்ளி ஒதுக்கி, தேசிய சேமிப்பு வங்கியின் வாயிலாக ஆளுக்கு 60,000 வெள்ளி வரை 4 சதவிகித வட்டியில் கடன் தருவதாக அறிவித்தார்கள். வட்டி குறைவு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தவணையோ 40 ஆண்டு! இரண்டு தலைமுறை சேர்ந்து கட்டித் தீர்க்கலாமாம். இதைச் சலுகையென்று எண்ணி நம்மவர் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள்?

நாம் போட்டுப் பார்த்தோம். 60,000 வெள்ளியை அந்த வட்டிக்கு 40 ஆண்டில் கட்டினால், மாதம் ஏறத்தாழ 251 வெள்ளி; மொத்தம் 1,20,000 வெள்ளிக்கு மேல், அதாவது வாங்கியதுபோல் இரு மடங்கு. அதே கடனை 20 ஆண்டில் கட்டினால் மாதம் 364 வெள்ளி. மொத்தம் 87,000 சொச்சம். மாதம் 113 வெள்ளி மிச்சம் பிடிப்பதற்காக 33,000 வெள்ளியைக் கூடுதலாக அழுது, பெற்ற பிள்ளையையும் பத்திரத்தில் எழுதி வைக்கிறோம். கங்காணி கொடுத்த முன்பணம் நம் பாட்டன்மாரைத் தோட்டத்தில் கட்டிப்போட்ட கதையை இன்றைக்கும் கண்ணீரோடு பேசுகிறோம். அப்பன் பட்ட கடனை மகன் தலையில் ஏற்றும் இந்த ஏற்பாட்டுக்கு மட்டும் மாலை போடுவானேன்?

எவ்வளவுதான் வாங்கலாம் என்று கேட்பீர்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று போனால் கையில் நிற்பது ஏறக்குறைய 1,500. அதில் கால் பங்கு 375. இருபது ஆண்டில் தீரும்படி 4 சதவிகிதத்தில் 60,000 வெள்ளிக் கடனை இந்த ஒரு சம்பளம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. வட்டி அதிகமானால் கடனும் குறைந்தாக வேண்டும். குலிம் தொழிற்பேட்டையில் மகன் இரவு முறையில் பார்க்கும் மிகைநேர வேலையின் கூலியையும், மகளின் சம்பளத்தையும் கூட்டி வங்கியில் பெரிய தொகை காட்டுகிறவர்கள், மிகைநேரம் நிற்கும் மாதத்தையும் அவர்கள் மணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகும் நாளையும் மறந்துவிடுகிறார்கள்.

வட்டியும் ஒரே நிலையில் நிற்பதன்று. மத்திய வங்கியின் அடிப்படை விகிதம் 2020-இல் 1.75 ஆக இருந்து 2023-இல் 3.00 ஆயிற்று. ஒரு லட்சம் வெள்ளியை 30 ஆண்டுத் தவணையில் 3 சதவிகிதத்துக்கு வாங்கியவனுக்கு மாதம் 422. வட்டி அந்த அளவே ஏறி 4.25 ஆனால் 492. அந்த 70 வெள்ளி ஒரு வீட்டின் அரிசிச் செலவு.

தாமே கட்டும் வீட்டில் இன்னொரு கண்ணி உண்டு. வங்கி பணத்தை மொத்தமாய்த் தருவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியத் தருகிறது. குத்தகைக்காரரோ முன்பணம் கேட்பார். இடையில் அவர் வேலையை விட்டுப் போனால் கூரையில்லாச் சுவருக்கு வட்டியும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்ந்து கட்ட வேண்டும். ஆகையால் கட்டுமானச் செலவில் பத்தில் ஒரு பங்கையாவது கடனில் சேராத சொந்தப் பணமாகக் கையில் வைத்துக்கொள்ளாதவன் கடப்பாரையைத் தொடவே கூடாது. மனையின் பட்டாவைப் பார்ப்பது அதற்கும் முந்திய வேலை. மலாய் ஒதுக்கீட்டு நிலமா, விவசாய நிலமா, பலர் பெயரில் கூட்டுப் பட்டாவா என்று நில அலுவலகத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு, பிற்பாடு வங்கி கைவிரித்ததும், ஆலோங்கிடம் ஓடுகிறவர்களும் நம்மவர்களே.

அறுபதினாயிரத்தில் முழு வீடு எழும்பாதே என்பார்கள். வாஸ்தவம். ஏன் முழு வீடு? ஓர் அறை, கூடம், அடுக்களை. பின்னால் சேர்க்கப்போகும் அறைகளையும் வரைபடத்திலேயே காட்டி, நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற்று, கடன் பாதி இறங்கிய பிறகு அடுத்த அறையைக் கட்டட்டும். மூன்று படுக்கையறையும் வளைவு வாசலும் இல்லாவிட்டால் சம்பந்தி மதிக்க மாட்டார் என்பதே உண்மையான தடை. அதற்கு மேல் வாஸ்து சொல்கிறவருக்கும், புதுமனை புகுவிழாப் பந்தலுக்கும், ஐந்நூறு இலைச் சாப்பாட்டுக்கும் தனிக் கடன்!

கொண்டாட்டக் கடன் என்ன செய்யுமென்பதற்குக் கெடாவின் சரித்திரமே சாட்சி. 1904-இல் சுல்தான் தம் மக்களுக்கு மாதக்கணக்கில் நடத்திய திருமண வைபவங்களால் கஜானா காலியாயிற்று. 1905-இல் சயாமிடம் 26 லட்சம் வெள்ளி கடன் வாங்கினார்கள். கூடவே சயாம் அனுப்பிய நிதி ஆலோசகரும் வந்து உட்கார்ந்தார். நான்கே ஆண்டில், 1909-இல், நாடு பிரிட்டிஷார் கைக்கு மாறிற்று. அந்த மாற்றத்துக்குக் காரணம் வேறு பலவும் உண்டு. ஆனால் சாவிக்கொத்து முதலில் கைமாறியது கடனால்தான்.

கடனே வேண்டாம், சேர்த்துக் கட்டு என்று சொல்லும் பெரியவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. வாடகை கட்டிக்கொண்டே முழுத் தொகையும் சேர்ப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, மறு ஆண்டே இதே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பால்மரம் சீவியவர்களால் சேமிக்க முடியும் என்பது அன்றே தெரிந்துபோன விஷயம். மனையைச் சேமிப்பில் வாங்கட்டும், சுவருக்கு மட்டும் கடன்படட்டும் என்கிறோம். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லுகிறவர்கள், 40 ஆண்டுப் பத்திரத்தில் மகனிடம் கையெழுத்து வாங்கும் முன், மேலே காட்டிய 1,20,000 என்னும் தொகையை அவனுக்கு ஒருமுறை படித்துக் காட்டட்டும்.